டிச் பட்டனும் வெங்காய வேரும்

அன்புள்ள சேகர்,

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்கு ப்ளஸ் ஒன் உயிரியல் சொல்லித்தர ஒத்துக்கொண்டதாக எழுதியிருந்தாய். நல்ல காரியம். அந்தக் காலத்தில் படித்த தாவரவியல் இப்போது கைகொடுக்குமா என்றும் கேட்டிருக்கிறாய். தாராளமாகக் கொடுக்கும். அடிப்படைப் பாடம் பெரிதாக மாறவில்லை. ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) கணக்கும் சில பெயர்களும்தான் மாறியிருக்கின்றன. பிள்ளைகளின் கேள்விகளோ மாறவே இல்லை.

நீ அனுப்பிய கேள்விகளை ஒருமுறை திரும்பப் படித்துப் பார். பாதிக்கு மேல் உயிரியல் சந்தேகமே அல்ல, எண்ணிக்கைச் சந்தேகம். எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்யாமலே எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள்.

முதலில் குரோமோசோம். செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏவை நகலெடுக்கும் நிலைதான் எஸ் கட்டம். "எஸ் கட்டத்தில் டிஎன்ஏ இரட்டிக்கிறது என்றால் 46 குரோமோசோம் 92 ஆக வேண்டாமா?" ஆகாது. சென்ட்ரோமியரை (நகல்கள் இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தை) எண்ண வேண்டும், அவ்வளவுதான் விதி. எத்தனை சென்ட்ரோமியரோ அத்தனை குரோமோசோம். இதைப் படம் போட்டு விளக்காதே, கையில் பொருளைக் கொடு. தையல் கடையில் டிச் பட்டன் ஓர் அட்டை வாங்கு. சிவப்பும் நீலமும் நூல் எடுத்துக்கொள். ஒவ்வொரு நிறத்திலும் நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று, ஆக நாலு நூல், ஒவ்வொன்றிலும் பட்டனின் ஒரு பாதி. இது 2n = 4 உள்ள செல் (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு ஜோடி), நகலெடுப்பதற்கு முந்தைய ஜி1 கட்டம். எஸ் கட்டம் வந்ததும் ஒவ்வொரு நூலுக்கும் அதே நிறம், அதே நீளத்தில் ஒரு நகல் வெட்டி, பட்டனின் மறுபாதியைத் தைத்து அழுத்தி மூடச் சொல். இப்போது நூல் எட்டு, மூடிய பட்டன் நாலு. நூல் என்பது குரோமேட்டிட் (ஒட்டியிருக்கும் நகல்களில் ஒன்று), பட்டன் என்பது குரோமோசோம் கணக்கு. மைட்டாசிஸின் (சாதாரணச் செல்பகுப்பின்) அனாஃபேஸில், அதாவது நகல்கள் விலகும் கட்டத்தில், பட்டனைப் பிரிக்கும்போது ஒவ்வொரு பாதியும் தனிப் பட்டனாக எண்ணப்படும். அதனால் மனிதச் செல்லில் அந்த நொடியில், செல் இன்னும் இரண்டாகாத நிலையில், 92 குரோமோசோம் இருக்கும். பிள்ளைகள் எதிர்பார்த்த 92 அங்கேதான் வருகிறது, எஸ் கட்டத்தில் அல்ல.

விந்தும் முட்டையும் உண்டாக்கும் பகுப்பான மியாசிஸில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். முதல் பகுப்பில் பட்டன் பிரிவதே இல்லை. சிவப்பு நீளமும் நீல நீளமும் ஜோடி சேர்ந்து, பிறகு மூடிய பட்டனோடு ஆளுக்கொரு பக்கம் போகின்றன. இரண்டாம் பகுப்பில்தான் பட்டன் பிரியும். எண்களாகச் சொன்னால்: மனிதச் செல் ஜி1-இல் 46 குரோமோசோம், டிஎன்ஏ அளவு 2சி. எஸ் முடிந்ததும் 46 குரோமோசோம், 92 குரோமேட்டிட், 4சி. மியாசிஸ் ஒன்று முடிந்த ஒரு செல்லில் 23 குரோமோசோம், 46 குரோமேட்டிட், 2சி. இரண்டும் முடிந்தால் 23 குரோமோசோம், 1சி. நடுவில் நிற்கிற அந்த "23, ஆனால் 2சி" என்ற இடத்தைத்தான் நுழைவுத் தேர்வுக் கேள்வி தயாரிப்பவர்கள் தேடிப் பிடிப்பார்கள். n என்பது உருப்படிகளின் எண்ணிக்கை, சி என்பது சரக்கின் எடை. இரண்டும் சேர்ந்தே குறைய வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

இதற்குப் பிறகு வெங்காய வேர். பட்டன் கணக்கு புரியாமல் நுண்ணோக்கியைக் காட்டினால் சிவப்புப் புள்ளிகள் மட்டும்தான் தெரியும்.

வெங்காயத்தின் அடித்தட்டில் இருக்கும் பழைய காய்ந்த வேர்களை பிளேடால் மேலாகச் சுரண்டு. ஆழமாகப் போனால் புது வேர் கிளம்பும் வளையமே போய்விடும். டம்ளர் நிறைய தண்ணீர் வைத்து, அடித்தட்டு மட்டும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி வெங்காயத்தை உட்கார வை. முழுதாக அமிழ்த்தினால் அழுகும். தண்ணீரைத் தினம் மாற்று. இரண்டு மூன்று நாளில் வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வந்துவிடும். சின்ன வெங்காயமானாலும் சரி, பெரிய வெங்காயமானாலும் சரி, இரண்டிலும் 2n = 16தான். காலை எட்டு மணி வாக்கில் நுனியை வெட்டி, ஆல்கஹால் மூன்று பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு கலந்த கரைசலில் 24 மணி நேரம் போடு. உடனே பார்க்கப் போவதில்லை என்றால் பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி வைக்கலாம்.

அடுத்தது 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 60 டிகிரியில் ஐந்து முதல் பத்து நிமிடம். செறிந்த அமிலம் 8.3 மில்லியைக் கொஞ்சம் தண்ணீரில் மெதுவாக ஊற்றி 100 மில்லியாக நிரப்பினால் அது கிடைக்கும். தண்ணீரில்தான் அமிலம் போக வேண்டும், அமிலத்தில் தண்ணீர் கூடாது. செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை அமிலம் இளக்குகிறது. இதைத் தவிர்த்தால் செல்கள் கட்டியாகவே கிடக்கும், எவ்வளவு அழுத்தினாலும் பரவாது. அதிக நேரம் விட்டால் நுனி கூழாகி கையிலேயே வராது. தண்ணீரில் அலசி, ஸ்லைடில் வைத்து, நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எறி. பிள்ளைகள் பாவம் பார்த்து அரை சென்டிமீட்டர் வைத்துக்கொள்வார்கள். அந்த மேல்பகுதியில் செல் நீளுமே தவிரப் பிரியாது. அசிட்டோகார்மைன் சாயம் ஒரு சொட்டு, சில நிமிடம், லேசான சூடு (கொதிக்கக் கூடாது), கவர் ஸ்லிப், மேலே வடிதாள், பிறகு கட்டை விரலால் நேராக ஓர் அழுத்து. விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் செல் சுருண்டுவிடும்.

பதினாறையும் எண்ணிவிட்டேன் என்று எவனாவது சொன்னால் நம்பாதே, இன்னொரு முறை எண்ணச் சொல். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், நன்றாகப் பரவிய மெட்டாஃபேஸ் (குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் கட்டம்) கிடைத்தால்தான் உண்டு. அதற்குப் பதிலாக 200 செல்லை எண்ணி, எந்தெந்தக் கட்டத்தில் எத்தனை என்று குறிக்கச் சொல். பெரும்பாலானவை இன்டர்ஃபேஸில் (பிரியாத நிலையில்) இருக்கும், பிரிகிறவற்றில் முதல் கட்டமான புரோஃபேஸ் அதிகம் தென்படும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள். அதிக நேரம் பிடிக்கிற கட்டம், அதனால் அதில் அதிகச் செல் மாட்டுகிறது. பாடத்தில் சமமாகப் போட்டிருக்கும் நாலு படங்கள் அந்த உண்மையை மறைத்துவிடுகின்றன.

இரண்டாவது கொத்து, தண்ணீர் விவகாரம். நீரியல் திறன் (தண்ணீர் எந்தப் பக்கம் நகரும் என்று சொல்லும் அளவு) உனக்கு லட்டு மாதிரி. −0.3 மெகாபாஸ்கல் உள்ள செல்லும் −0.8 உள்ள செல்லும் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் எங்கே போகும்? எட்டு பெரியது என்று பிள்ளைகள் தப்பான பக்கம் ஓடுவார்கள். கடன் கணக்காகச் சொல். 300 ரூபாய் கடன்காரனும் 800 ரூபாய் கடன்காரனும் நின்றால் யார் வசதி? முன்னவன். அவனிடமிருந்து மற்றவனுக்குப் போகிறது. சுத்தத் தண்ணீர் கடனே இல்லாதவன், பூஜ்ஜியம். கரைபொருள் கடனை ஏற்றுகிறது, செல்சுவரின் அழுத்தம் கொஞ்சம் அடைக்கிறது. கரைபொருளால் −0.8, விறைப்பழுத்தத்தால் +0.5 என்றால் மொத்தம் −0.3.

அதே இடத்தில் ஒரு பழைய கேள்வி வரும். பிளாஸ்மா சிதைவில் (செல் தண்ணீரை இழந்து உள்ளே சுருங்குவதில்) செல்சுவருக்கும் சுருங்கிய சவ்வுக்கும் நடுவே என்ன இருக்கிறது? "காற்று", "வெற்றிடம்", "செல் விட்ட தண்ணீர்" என்று பதில் வரும். வெளியே ஊற்றிய கரைசல்தான் இருக்கிறது. செல்சுவர் எதையும் தடுக்காது, தடுப்பது சவ்வு மட்டுமே. ரியோ செடியின் இலையில் அடிப்புறத்து ஊதாத் தோலை உரித்து, முதலில் தண்ணீரில் பார்த்துவிட்டு, 5 சதவீத உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டால் ஊதா நிறம் சுருங்கி நடுவுக்கு வருவது நிமிடங்களில் தெரியும். உரித்த தோல் தடிமனாக வந்தால் பச்சைதான் தெரியும், வேறு உரி.

உருளைக்கிழங்குச் சோதனையும் செய். ஒரே கிழங்கு, தோல் இல்லாமல், ஒரே அளவில் துண்டுகள். வீட்டுச் சர்க்கரையே சுக்ரோஸ்தான்: 100 மில்லிக்கு 34.2 கிராம் என்றால் 1 மோலார், 6.84 கிராம் என்றால் 0.2 மோலார். சர்க்கரையைக் கரைத்துவிட்டுப் பிறகு 100 மில்லி கோடு வரை நிரப்ப வேண்டும். 34 கிராம் சர்க்கரையில் 100 மில்லி தண்ணீர் ஊற்றினால் மொத்தம் 120 மில்லி அளவுக்கு வந்து செறிவு தப்பிவிடும். துண்டுகளை எடை பார்த்து வெவ்வேறு செறிவுக் கரைசல்களில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, எல்லாத் துண்டையும் ஒரே மாதிரி ஒற்றித் துடைத்து, எடை மாற்றத்தைச் சதவீதமாகப் போடு. கிராமிலேயே ஒப்பிட்டால் பெரிய துண்டு ஜெயித்துவிடும். செறிவுக்கு எதிராக வரைந்தால், கோடு பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடம் (எடை மாறாத செறிவு) பெரும்பாலும் 0.2-க்கும் 0.4 மோலாருக்கும் நடுவே வரும். நறுக்கிய மாங்காயில் உப்புப் போட்டால் ஏன் தண்ணீர் விடுகிறது என்று பிறகு கேள், பதில் தானாக வரும்.

ஒளிச்சேர்க்கையில் கேள்விகள் நிறைய, ஆனால் விடை சுருக்கம். செடி இரவில் மட்டும் சுவாசிக்கவில்லை, 24 மணி நேரமும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதை மூடிவிடுகிறது. "இருள் வினை" (கார்பன் டை ஆக்சைடிலிருந்து சர்க்கரை செய்யும் பகுதி) என்ற பெயர் ஒரு வினை என்றே சொல்வேன். அது இருட்டில் நடப்பதில்லை, ஒளி நேரடியாகத் தேவையில்லை என்று மட்டும்தான் பொருள். அதற்கு வேண்டிய ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் (எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறு) ஒளி வினையிலிருந்தே வர வேண்டும். கால்வின் சுழற்சி என்றே பழக்கு. சமன்பாட்டில் இடப்பக்கம் 12 நீர், வலப்பக்கம் 6 நீர் என்று ஏன் எழுத வேண்டும், கழித்துவிடலாமே என்று ஒருத்தி கேட்டதாக எழுதியிருந்தாய். கெட்டிக்காரி. வெளியேறும் 6 ஆக்சிஜன் மூலக்கூறில் 12 அணுக்கள், அத்தனையும் தண்ணீரிலிருந்தே வருகின்றன. 6 நீரில் 6 அணுக்கள்தானே உண்டு? இதை 1941-இல் ரூபனும் கேமனும் ஆக்சிஜன்-18 (கனமான ஆக்சிஜன்) கொண்டு காட்டினார்கள். அதற்கு முன்பே வான் நீல், ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்தும் பாக்டீரியா ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகத்தை விடுவதைப் பார்த்து ஊகித்திருந்தார்.

ஸ்டார்ச் சோதனையில் ஒன்றே ஒன்று: தொட்டியை இரண்டு நாள் இருட்டில் வைக்காமல் தொடங்கினால் இலையில் மறைத்த பகுதியும் அயோடின் பட்டுக் கருநீலமாகும், பிள்ளைகள் புத்தகத்தைச் சந்தேகிப்பார்கள். இலையின் பச்சையை எடுக்கும் ஆல்கஹாலை அடுப்பில் நேராக வைக்காதே, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வை. தீயை அணைத்துவிட்டு வைப்பது இன்னும் நல்லது.

சுவாசத்தில் ஒரு குளுக்கோஸிலிருந்து கிடைக்கும் ஏடிபி 38-ஆ, 36-ஆ, 32-ஆ என்று நீயே குழம்பியிருக்கிறாய். எண்ணப்படும் பொருட்கள் மாறவில்லை: ஒரு குளுக்கோஸுக்கு 10 என்ஏடிஎச், 2 எஃப்ஏடிஎச்2 (இரண்டுமே எலக்ட்ரான் சுமப்பவை), நேரடியாக 4 ஏடிபி. பழைய கணக்கு என்ஏடிஎச்சுக்கு 3, எஃப்ஏடிஎச்2-க்கு 2 என்று முழு எண் போட்டது: 30 + 4 + 4 = 38. இப்போது என்ஏடிஎச்சால் 10 புரோட்டான் வெளியேறுகிறது, ஓர் ஏடிபிக்கு ஏறத்தாழ 4 செலவு என்பதால் 2.5, மற்றதற்கு 1.5: 25 + 3 + 4 = 32. கிளைக்காலிசிஸில் (குளுக்கோஸ் உடையும் முதல் பகுதியில்) வந்த இரண்டு என்ஏடிஎச் மைட்டோகாண்டிரியாவுக்குள் நேராக நுழைய முடியாது. எந்த வழியாக எலக்ட்ரானை அனுப்புகிறது என்பதைப் பொறுத்து 32 என்பது 30 ஆகவும், பழைய 38 என்பது 36 ஆகவும் குறையலாம். தேர்வில் பாடப்புத்தகம் எதைச் சொல்கிறதோ அதை எழுதச் சொல், ஆனால் காரணத்தையும் சொல்லிவிடு.

கடைசியாக மரபியல். ஓங்கு பண்பு (மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படுவது) என்றால் பரவலான பண்பு என்று நினைக்கிறார்கள். ஆறு விரல் பெரும்பாலும் ஓங்கு பண்பாகத்தான் வருகிறது, எத்தனை பேரிடம் பார்க்கிறோம்? ஓ இரத்த வகை ஒடுங்கு பண்பு (இரண்டு பிரதி இருந்தால்தான் வெளிப்படும்), நம்மூரில் தடுக்கி விழுந்தால் ஓ. ஓங்கு, ஒடுங்கு 3 : 1 என்றால் நாலு பிள்ளையில் கட்டாயம் மூன்று என்பதும் தப்பு. நாலு பிள்ளையில் சரியாக மூன்றுக்கு ஒன்று வர வாய்ப்பு 42 சதவீதம்தான். மெண்டலே பட்டாணியில் உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850 எண்ணிய பிறகுதான் 2.96 : 1 கிடைத்தது. நாணயம் சுண்டவிட்டுப் பார்க்கச் சொல், இரண்டு நாணயமும் பூ விழுந்தால் ஒடுங்கு.

நீ மாட்டிக்கொண்ட கேள்விக்கு விடை மூன்றில் இரண்டு. தாய், தந்தை இருவரும் தலசீமியா (பரம்பரை இரத்தநோய்) கடத்திகள், அதாவது நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள், தம்பிக்கு நோய் இருக்கிறது, அண்ணனுக்கு இல்லை. அண்ணன் கடத்தியாக இருக்க வாய்ப்பு பாதி அல்ல. பெற்றோரின் மரபணுக்கள் சேரும் நாலு கட்டத்தில் நோயுள்ள கட்டம் அவனுக்குப் பொருந்தாது என்று தெரிந்துவிட்டது, அதை அடித்துவிடு. மிச்சம் மூன்று, அதில் இரண்டு கடத்தி. இதுவும் எண்ணிக்கைதான், பார்த்தாயா.

உன் வகுப்பு சனிக்கிழமை என்றால் வெங்காயத்தைச் செவ்வாய் காலை தண்ணீரில் வை, வெள்ளி காலை வேரை வெட்டி ஆல்கஹால்-அமிலக் கரைசலில் போடு. ஆளுக்கு ஒன்று என்று ஆறு வைக்காதே, எட்டாக வை. ஒன்றிரண்டு முளைக்காமல் ஏமாற்றும்.

அன்புடன்,
பாலு