எதிரணியே நடுவரானால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டெக்சாஸில் விளையாட்டுக்காகப் பள்ளி மாறி வரும் பிள்ளைகளைப் பள்ளியின் முதல் அணியில் ஓராண்டு ஆடவிடாமல் உட்கார வைக்கும் விதியைத் தூக்கி எறிய வேண்டும் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் கொதித்திருந்தார். அப்படி உட்கார வைக்கப்பட்டவர்களில் என் மகனும் ஒருவன். இருந்தும், விதி இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. எனக்குக் குறை வேறு இடத்தில்.

மூன்று வருஷத்துக்கு முன், மாமியாருக்கு மாடிப்படி ஏற முடியாமல் போனது. கீழேயே படுக்கையறை உள்ள வீடாகத் தேடிப் பதினோரு மைல் தள்ளி வாங்கினோம். பள்ளியும் மாறியது. பையன் டென்னிஸ் ஆடுவான். அப்படி மாறி வந்து ஆட விரும்பும் மாணவனுக்கு ஒரு படிவம் உண்டு. பெற்றோர் எழுத ஒரு பகுதி, பழைய பள்ளி எழுத ஒரு பகுதி. விளையாட்டை உத்தேசித்துத்தான் மாறுகிறானா என்ற கேள்விக்குப் பழைய கோச் 'ஆம்' என்று குறித்துவிட்டார். புதுப் பள்ளியின் டென்னிஸ் அணி பேர்போன அணி. அவர் சந்தேகப்பட்டதில் ஆச்சரியமில்லை.

விசாரணைக்கு வீட்டுப் பத்திரம், மின்கட்டண ரசீது, மாமியாரின் மூட்டு எக்ஸ்ரே வரை சுமந்துகொண்டு போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் யார் தெரியுமா? அந்த வருஷம் எங்கள் பள்ளியோடு மோதவிருந்த பள்ளிகளின் அதிகாரிகள். நன்றாக ஆடும் பையன் ஒருவன் எதிரணியில் இருக்கலாமா கூடாதா என்று அவர்களையே கேட்கிறார்கள்! மரியாதையாகத்தான் பேசினார்கள். கால்மணி நேரத்தில் முடிந்தது. வார்சிட்டி என்ற முதல் அணி கிடையாது, ஜேவி என்ற இரண்டாம் அணியில் ஆடிக்கொள்ளலாம் என்று தீர்ப்பு.

இது யாரோ சிலர் செய்த சதி அல்ல, அமைப்பே அப்படி. இம்மாநில அரசுப் பள்ளிகளின் விளையாட்டை நடத்துவது யூ.ஐ.எல். (யூனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக்). ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். 1910இல் பள்ளிகளுக்கான விவாத மேடையாகத் தொடங்கியது, பிறகுதான் விளையாட்டு சேர்ந்தது. இன்றும் ஸ்பெல்லிங், மனக்கணக்கு, ஓரங்க நாடகம், பேண்டு எல்லாம் அதன் கீழ்தான். நம் பிள்ளைகள் பலர் கால்பந்தைத் தொடாமலே யூ.ஐ.எல். பதக்கம் வாங்குவது இப்படித்தான்.

மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை பிரிக்கிறார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை இதைக் கலைத்து மறுபடி அடுக்குவார்கள். பதினோரு பேரைத் திரட்ட முடியாத சின்ன ஊர்களுக்கென்று ஆறு பேர் ஆடும் அமெரிக்கக் கால்பந்தே உண்டு. நூறு பிள்ளைகள்கூட இல்லாத பள்ளிக்கு அந்த ஆறு பேரின் ஆட்டம்தான் ஊரே கூடும் வெள்ளிக்கிழமை இரவு. அதில் நன்றாக ஓடும் இரண்டு பேரைப் பக்கத்து ஊர்க்காரன் ஆசைகாட்டி அழைத்துப் போனால் அந்த அணியே கலைந்துவிடும். விதியை எடுக்கச் சொல்லும் வாசகர் இதை ஒரு நிமிஷம் நினைக்க வேண்டும். பெருநகரப் பள்ளிகளுக்கும் இதே கதிதான்: வசதி உள்ளவன் நல்ல கோச் இருக்கும் பக்கம் அபார்ட்மென்ட் எடுத்துவிடுவான், மற்றவன் பிள்ளை பெஞ்சில்.

விதிகளை எழுதுவது மாநிலம் முழுவதிலுமிருந்து வரும் பள்ளி சூப்பரின்டெண்டென்ட்கள், அதாவது உள்ளூர்ப் பள்ளி நிர்வாகங்களின் தலைவர்கள், கொண்ட குழு. அதற்கு மேல் மாநிலக் கல்வி ஆணையரின் ஒப்புதல் வேண்டும். சில விதிகளைச் சட்டமன்றமே போட்டிருக்கிறது. 1984இல் வந்த 'பாஸ் இல்லையேல் ஆட்டம் இல்லை' சட்டம் அப்படி. ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் இப்போது மூன்று வாரம் போட்டியில் இறங்க முடியாது, பயிற்சிக்கு மட்டும் போகலாம். (இந்த ஒரு விதியைக் குறை சொன்ன தமிழ்ப் பெற்றோரை நான் இன்னும் பார்க்கவில்லை.)

விதியை எழுதுவது இத்தனை தட்டுகளைத் தாண்டி நடக்கிறது. அதை ஒரு பிள்ளையின் மேல் பிரயோகிப்பதுதான் உள்ளூர்க் குழுவிடம் விடப்பட்டிருக்கிறது. ஒரே டிஸ்ட்ரிக்டில் மோதும் பள்ளிகளின் சூப்பரின்டெண்டென்ட்கள் அல்லது அவர்கள் அனுப்பும் ஆட்கள்தான் அந்தக் குழு. (இந்த டிஸ்ட்ரிக்ட் போட்டிக்கான பிரிவு. நாம் பள்ளி வரி கட்டும் டிஸ்ட்ரிக்ட் வேறு. எனக்கு இது புரியவே ஒரு வருஷம் ஆனது.) அங்கே தோற்றால் ஆணையர் நியமிக்கும் மாநிலக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். நாங்கள் போகவில்லை. "விடும்மா, ஜேவியில் ஆடிக்கிறேன்" என்று அவனே சொல்லிவிட்டான்.

அறைக்குள் யார் உட்காருகிறார் என்பது சின்ன விஷயமில்லை. 1960கள் வரை யூ.ஐ.எல்.லில் கறுப்பினப் பள்ளிகளுக்கு இடமே கிடையாது. அவர்கள் பிரெய்ரி வியூ என்ற கறுப்பினக் கல்லூரியை மையமாக வைத்துத் தனி லீக் நடத்தினார்கள். பின்னாளில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிய ஜோ கிரீன், டெம்பிள் நகரின் டன்பார் என்ற கறுப்பினப் பள்ளியிலிருந்து வந்தவர். அந்த லீக் யூ.ஐ.எல்.லோடு முழுதாக இணைந்து முடிய 1970 ஆனது.

நான் கேட்பது அவ்வளவு பெரிய மாற்றமில்லை. உள்ளூர்க் குழு விவரங்களைச் சேகரிக்கட்டும், சாட்சி சொல்லட்டும். தீர்ப்பை மட்டும் மோதாத வேறொரு டிஸ்ட்ரிக்டின் குழுவிடம் கொடுங்கள். காணொளியில் அரைமணி நேர வேலை. இதற்குப் புதுக் கட்டடமோ பட்ஜெட்டோ வேண்டாம். யூ.ஐ.எல். விதிமாற்ற யோசனைகளைப் பெற்றுக்கொள்கிறது, நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்து எழுதினால் தேவலை.

இந்தக் கோடையில் வீடு மாறப்போகும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: பெட்டி கட்டுவதற்கு முன் பழைய கோச்சை நேரில் பார்த்து, ஏன் போகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நாங்கள் சொல்லாமலே வந்துவிட்டோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ரவுண்ட் ராக், டெக்சாஸ்