பயனின்றிக் கிடந்ததா எண்ணூர் கழி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

போன ஞாயிறு இணைப்பில் சென்னையைச் சுற்றியுள்ள படகுத் துறைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். ‘பல காலமாகப் பயனின்றிக் கிடக்கும் எண்ணூர் கழிமுகத்திலும் படகு விட்டால் வட சென்னை மக்களுக்கு ஒரு பொழுதுபோக்கு கிடைக்கும்’ என்கிறார் உங்கள் கட்டுரையாளர். நல்ல மனசு. நாங்களும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருக்கிறார்.

பூண்டி ஏரியில் மதகைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்பது நீங்கள் அறியாததல்ல. ‘கரையோர மக்களுக்கு எச்சரிக்கை’ என்று ஒவ்வொரு மழைக்கும் செய்தி போடுவதே நீங்கள்தான். அந்தத் தண்ணீர் வெளியேறும் வாசலுக்குத்தான் பயனில்லை என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

1974-ல் நான் ஏழாம் வகுப்பு. கழிக்கரை மீனவர் ஊரான காட்டுக்குப்பத்திலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த நண்பனின் அப்பாவிடம் ஒரு சின்ன மரப்படகு இருந்தது. லீவு நாளில் அதை எங்களிடம் விடுவார். மூங்கில் கோலை ஊன்றித் தள்ள வேண்டும். கோல் சேற்றில் மாட்டிக்கொண்டால் உடனே கையை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் படகு போய்விடும், நாம் கோலில் தொங்குவோம். நான் தொங்கியிருக்கிறேன். ரயில் பாலத்துக்கு அடியில் போகும்போது மேலே வண்டி வந்தால் தொண்டை கிழியக் கத்துவோம். நீர் வற்றும் நேரத்தில் இறங்கினால் சேறு முழங்கால் வரை இழுக்கும். கால் கட்டைவிரலால் துழாவினாலே மஞ்சள் மட்டி தட்டுப்படும், அரை மணியில் ஒரு சட்டி நிறையும். எங்கள் அம்மா அதை வாசல் தாண்ட விடமாட்டார், எல்லாம் நண்பன் வீட்டில்தான் தின்றேன். கழுத்தளவு நீரில் பெண்கள் உட்கார்ந்து, பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். நாங்கள் படகை அந்தப் பக்கம் கொண்டுபோனால் பறியை வாயிலிருந்து எடுக்காமலே கண்ணால் திட்டுவார்கள். மடவையும் கிழங்கானும் கொடுவாவும் கரையிலேயே விலை போகும். பயனின்றி!

அப்புறம் என்ன வந்தது என்று உங்கள் பழைய இதழ்களையே புரட்டினால் போதும். அனல் மின் நிலையக் குழாய்கள் உடைந்து சாம்பல் கழிக்குள் இறங்கியது. 2001-ல் வடக்கே துறைமுகம் வந்தது. அலையாத்தி மரங்கள் குறைந்துகொண்டே போயின. 2017 ஜனவரியில் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது பக்கெட்டில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிக்குள்ளேயே எண்ணெய் வந்தது, அப்போது மீனவர்கள் வெறுங்கையால் அள்ளினார்கள். ஏறக்குறைய ஏழு வருடத்தில் நாம் கண்ட முன்னேற்றம் இது. அந்த வாரம் நீங்கள் முதல் பக்கத்தில் எண்ணெய் தோய்ந்த கூழைக்கடாவின் படத்தைப் போட்டீர்கள். நல்ல படம்தான். எண்ணெய் தோய்ந்த வலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு ஏழாம் பக்கத்தில் நான்கு வரி கிடைத்தது. அது பற்றி அன்றே எழுதினேன். வெளியிட்டீர்கள், நன்றி. மூன்று பக்கக் கடிதத்தில் ‘பறவைகளைக் காப்போம்’ என்ற ஒரு வரி வந்திருந்தது.

போன ஜனவரியில் அதே நண்பனோடு மறுபடி படகில் போனேன். கோலை ஊன்றினால் ‘கரக்’ என்கிறது. காக்கா ஆழி. தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி, கப்பல் வழியாக வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். கறுப்பாக, விரல் நுனி அளவில், கொத்துக் கொத்தாகச் சேற்றின் மேல் பாய் விரித்த மாதிரி மூடிக் கிடக்கிறது. இறால் புதைந்துகொள்ளச் சேறு கிடைப்பதில்லை. மஞ்சள் மட்டியும் பச்சை ஆழியும் இருந்த இடமெல்லாம் இப்போது இதுதான். பழைய ஞாபகத்தில் காலை விட்டேன், குதிகால் கிழிந்தது. நண்பன் சிரித்துக்கொண்டே, “இங்க செருப்பு போட்டுக்கிட்டுதான் இறங்கணும், சார்” என்றான். ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக என்னை சார் என்றான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையோடு ‘எண்ணூர்’ என்று போட்டிருக்கும் படம் சென்னைக்குத் தெற்கே இருக்கும் முட்டுக்காடு. பின்னால் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலம் தெரிகிறது. அதைத் திருத்தி அடுத்த ஞாயிறு இரண்டு வரி போடுங்கள். அதோடு ‘பயனின்றி’ என்ற சொல்லுக்கும் ஒரு வருத்தம் தெரிவித்தால் காட்டுக்குப்பத்தில் படித்துக் காட்ட எனக்கு வசதியாக இருக்கும்.

வழக்கம்போலச் சுருக்குவதாக இருந்தால் நான் கோலில் தொங்கியதை வெட்டிக்கொள்ளுங்கள். காக்கா ஆழியை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
எண்ணூரில் வளர்ந்து இப்போது முகப்பேரில் இருக்கும்
உங்கள் நாற்பதாண்டு வாசகர்