ஆட்டுக்குட்டியை வைத்து அளந்த கல்

செங்கம்,
ஞாயிறு காலை

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். தொல்லியல் படிக்கிற பிள்ளைகளுக்குப் பத்து நாள் போட்டோ வகுப்பு எடுக்கப் போகிறாயாமே, ரொம்ப சந்தோஷம். முதல் நாள் என்ன சொல்லிக் கொடுப்பது என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் நாள் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட நடுகல் ஒன்றின் முன்னால் பிள்ளைகளை உட்கார வை. காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, உச்சிவெயிலில் ஒரு தடவை, இருட்டின பிறகு ஒரு தடவை. உச்சிவெயிலில் அது வெறும் பலகைக் கல். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லை உரசுகிற மாதிரி சாய்த்துப் பிடித்தால் வீரனின் வில் தெரியும், அப்புறம் அந்தக் காலத்து வட்டெழுத்து ஒவ்வொன்றாக எழும்பி வரும். எடுத்தனூர்க் கல் ஞாபகம் இருக்கிறதா? மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் நிற்கும். அந்த நாயின் பேர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் தப்பான பக்கத்திலிருந்து விழுந்தால் படத்தில் நாய் இருக்கும், பேர் இருக்காது.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸால் அதன்மேல் வரைய விடாதே. அப்படி வரைகிறவர் தான் படித்ததைத்தான் எழுதுகிறார். நாளைக்கு வேறொருவர் வேறு மாதிரி படிக்க வழியே இல்லாமல் போகும். நம் பக்கத்து நடுகற்கள் பலதையும் வேடியப்பன் சாமி என்று கும்பிடுகிறார்கள், எண்ணெயும் மஞ்சளும் ஏறியிருக்கும். கும்பிடுகிறவர்களைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

இதையெல்லாம் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீ மூன்றாவது படிக்கும்போது ஏரிக்கரையில் ஒரு நடுகல்லைப் படம் எடுத்தேனே, நீ கூட பையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நல்ல வெயில். எட்டுப் படம் எடுத்தேன். அளவுகோல் வைக்கவில்லை, எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று குறிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் ரோடு வேலை வந்தது, கல் போன இடம் தெரியவில்லை. கல்வெட்டு படிக்கிற வாத்தியார் ஒருவர் என் படத்தைத் தேடிக்கொண்டு வந்தார். மூன்றாவது வரி தெரியவில்லை. உயரம் என்ன என்று கேட்டார், என்னால் சொல்ல முடியவில்லை. கல்லோரம் ஒரு ஆட்டுக்குட்டி நின்றிருந்தது. கடைசியில் அதன் உயரத்தை வைத்துத்தான் குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டார். அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அகழாய்வுக் குழி இதைவிட மோசம். கல்லாவது ஒருவேளை எங்காவது கிடைக்கும். குழியில் ஒரு மண்ணடுக்கை எடுத்துவிட்டால் அதைத் திரும்ப வைக்க முடியாது, அப்புறம் படமும் குறிப்பும்தான் மிச்சம். அதனால் குழியைப் பெருக்கி, கூடை மண்வெட்டியெல்லாம் அப்புறப்படுத்தி, கால்தடம் அழித்த பிறகே படம் எடுக்கச் சொல். அளவுகோல், வடக்கு காட்டும் அம்பு, குழி எண்ணும் தேதியும் எழுதின பலகை மூன்றும் இருக்கட்டும். இது எதுவும் இல்லாமலும் ஒரு படம் எடுக்கட்டும். சுவர் காய்ந்திருந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்தால் அடுக்குகளின் நிறம் பிரிந்து தெரியும். பாதி வெயில் பாதி நிழல் விழுந்தால் எந்தக் கேமராவாலும் காப்பாற்ற முடியாது, துணி கட்டித்தான் ஆக வேண்டும். முப்பரிமாண உருவம் செய்ய வரிசையாகப் படம் எடுப்பதெல்லாம் உனக்கே தெரியும்.

தஞ்சாவூரில் 1858ல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார அதிகாரி பெரிய கோயில் விமானத்தின் அடிப்பீடத்துக் கல்வெட்டைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். பெரிய பெட்டிக் கேமரா, கொளுத்துகிற வெயில். அந்தப் பொறுமையைப் பிள்ளைகளுக்குக் காட்டு. போனில் நிமிஷத்துக்கு நாற்பது படம் எடுக்கிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஒவ்வொரு படத்துக்கும் அங்கேயே நின்று நோட்டில் ஒரு வரி எழுதச் சொல். ரூமுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்றால் விடாதே.

என் பழைய முகம் பார்க்கும் கண்ணாடியைப் பார்சலில் அனுப்புகிறேன். நிழலில் நிற்கிற கல்லுக்கு வெயிலைத் திருப்பி விட அது போதும். கூடவே குழிக்கு நிழல் கட்ட நாலு முழ வெள்ளை வேட்டி இரண்டு. அம்மா துவைத்து, நீலம் போடாமல் காயவைத்திருக்கிறாள். நீலம் போட்டால் மண்ணின் நிறம் மாறிவிடும் என்று நான்தான் தடுத்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா