மண்டைக்குள் வைக்கும் முன் உதிரிபாகத்துக்கு வழி சொல்லுங்கள்

பெறுநர்:
இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அவர்கள்,
மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு,
எஃப்.டி.ஏ. பவன், கோட்லா சாலை, புதுதில்லி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காது கேளாத பிள்ளைகளுக்கு அறுவை செய்து வைக்கும் கேட்கும் கருவிதான் காக்ளியர் இம்ப்ளாண்ட். அதை வைத்த பிள்ளைகளின் வீட்டுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு கடிதம் வரும். உங்கள் பிள்ளை போட்டிருக்கும் மாடலை நிறுத்திவிட்டோம், உதிரிபாகம் கையிருப்பு தீரும்வரைதான், புது மாடலுக்கு மாறினால் சலுகை விலை என்று அதில் இருக்கும். அந்தச் சலுகை விலையே லட்சக்கணக்கில் வரும். இன்னொரு பக்கம், மூளைக்குள் சிப் வைத்தவர் நினைத்த மாத்திரத்தில் கணினியில் சதுரங்கம் ஆடும் காணொளி எல்லார் கைப்பேசியிலும் ஓடுகிறது. இந்தியாவுக்கு எப்போது வரும் என்று கேட்காதவர் இல்லை. அந்தக் கடிதத்தையும் இந்தக் காணொளியையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய இடத்தில் தாங்கள் இருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறோம்.

பின்னணி தங்களுக்குத் தெரிந்ததுதான். 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி மூளைக்குள் போகும் கருவி, ஆபத்து மிகுந்த ‘டி’ வகுப்பில் வரும். மனிதரில் சோதிக்க எம்.டி.-23 அனுமதி, இறக்குமதி செய்ய எம்.டி.-15 உரிமம், இரண்டும் தங்கள் கையெழுத்தில்தான் போகும். அந்தத் தாள்களில் ஒரு நிபந்தனையைச் சேருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. கருவி உடலில் இருக்கும் காலம் முழுவதற்கும் பாகம், பராமரிப்பு, வேண்டியபோது அகற்றும் அறுவை ஆகியவற்றுக்கான பணத்தை முன்கூட்டியே கட்டிவைக்காத நிறுவனத்துக்கு அனுமதி தரக்கூடாது.

ஏன் என்பதை ஒரு வயரை வைத்தே சொல்லிவிடலாம்.

காக்ளியர் கருவியில் உள்ளே இருக்கும் பாகத்துக்கு பேட்டரி கிடையாது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு ரிசீவர், அதிலிருந்து உட்செவியின் நத்தைச் சுருளுக்குள் போகும் மின்முனைக் கம்பி, அவ்வளவுதான். மின்சாரமும் ஒலித் தகவலும் வெளியிலிருந்து தோலைத் தாண்டி ரேடியோ அலையாகப் போக வேண்டும். அனுப்புவது, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் காயின். காயினையும் ஒலியை வாங்கித் தகவலாக்கும், காதில் மாட்டும் ப்ராசசரையும் இணைப்பது விரல் நீள வயர் ஒன்று. காயினுக்குள் நுழையும் இடத்தில் அது தினமும் மடங்கும், சட்டையைக் கழற்றும்போது இழுபடும். அங்கேதான் உள்ளே இழை அறுகிறது. மேலுறை முழுசாக இருப்பதால் பார்த்தால் தெரியாது. தலையை ஒரு பக்கம் திருப்பினால் சத்தம் வரும், மறுபக்கம் திருப்பினால் போகும். ‘விட்டு விட்டுக் கேட்கிறது’ என்று சொல்ல மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. பிடுங்கி எறியும், இல்லையென்றால் கூப்பிட்டாலும் திரும்பாமல் விளையாடிக்கொண்டிருக்கும். அம்மா அதை அடம் என்று நினைப்பார்.

இதற்காகத்தான் தினமும் காலையில் ஆறு ஒலிச் சோதனை செய்யச் சொல்வது. பிள்ளையின் பின்னால் நின்றுகொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேட்டதும் பிள்ளை திருப்பிச் சொல்லும், அல்லது டப்பாவில் ஒரு மணியைப் போடும். ‘ஸ்’ மட்டும் விடுபட்டால் மைக் மூடியையும் மேப்பிங்கையும் (கருவியின் மின் அளவைப் பிள்ளைக்கு ஏற்ப அமைப்பது) பார்க்க வேண்டும். ஆறுமே வந்து வந்து போனால் முதல் சந்தேகம் வயர். முதலில் வயரை மாற்றுவது, சரியாகாவிட்டால் காயின், அதற்கும் மசியாவிட்டால் ப்ராசசர். மாற்று வயர் கையில் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

இல்லாவிட்டால்தான் கஷ்டம். ஒரு நிறுவனத்தின் வயர் இன்னொன்றுக்குச் சேராது. சில சமயம் அதே நிறுவனத்தின் முந்தைய மாடல் வயரே சேராது. சில ஆயிரம் ரூபாயைப் புரட்டி ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கடலோர ஊர்களில் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து இணைப்பு முனைகள் பச்சை பூத்துப்போகும். இரவில் உலர்பெட்டியில் வைக்க வேண்டும், சிலிக்கா மணி நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். இதை யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தானே அந்த வீட்டுக்குத் தெரியும்? சொற்களைப் பிடிக்கும் வயதில் பிள்ளை வாரக்கணக்கில் ஒன்றும் கேளாமல் கிடக்கும். லட்சங்கள் செலவழித்து வைத்த கருவியோ தலைக்குள் எந்தக் கோளாறும் இல்லாமல் இருக்கும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த அறுவை இலவசம். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் அடிப் திட்டமும் உண்டு. நல்ல திட்டங்கள், குறை சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டு வயதில் வைத்த கருவியோடு அந்தப் பிள்ளை எழுபது வயது வரை வாழ வேண்டும். வெளி ப்ராசசர் ஐந்தாறு வருடம் உழைத்தால் பெரிது. அப்படியானால் ஆயுளுக்குப் பன்னிரண்டு ப்ராசசராவது வேண்டும். உள்ளே இருப்பது எந்த நிறுவனத்துடையதோ, பன்னிரண்டும் அவர்களிடம்தான் வாங்கியாக வேண்டும். தாலி கட்டியது மாதிரி. விவாகரத்து வேண்டுமென்றால் மறுபடி அறுவை மேசையில்தான் படுக்க வேண்டும்.

1980களிலிருந்து விற்பனையில் இருக்கும் கருவியின் பாடு இது. செய்பவை வசதியான நிறுவனங்கள், உள்ளே பேட்டரிகூட இல்லை. மூளை உள்வைப்பில் கெட்டுப்போகக்கூடிய இடங்கள் இதைவிடப் பல மடங்கு.

நியூராலிங்க் நிறுவனம் 2024 ஜனவரியில் முதல் மனிதருக்கு வைத்த கருவியில், தலைமுடியைவிட மெல்லிய 64 இழைகளில் 1,024 மின்முனைகள் இருந்தன. சில வாரங்களில் இழைகளில் பல மூளையிலிருந்து நழுவிப் பின்வாங்கின. மூளை கெட்டித் தயிர் மாதிரி மிருதுவானது. இதயத் துடிப்புக்கும் மூச்சுக்கும் ஏற்ப அசைந்துகொண்டே இருப்பது. அதில் குத்திய எதைச் சுற்றியும் நாளடைவில் தழும்பு படரும், சமிக்ஞை மங்கும். மின்முனை அசையாமல் இருந்தாலும் அதன் அருகே கேட்கும் நியூரான்கள் நாளுக்கு நாள் மாறும். நேற்றுப் பழகிய மென்பொருள் இன்று தடுமாறும், உட்கார்ந்து மறுபடி பழக்க வேண்டும். நியூராலிங்க் விஷயத்தில் மென்பொருளைத் திருத்தித்தான் இழந்த வேகத்தை மீட்டார்கள். அதாவது, அந்த மனிதருக்குக் கர்சரைத் திருப்பிக் கொடுத்தது அலுவலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பொறியாளர்கள். சம்பளம் நின்றுபோயிருந்தால் 1,024 மின்முனையும் வெறும் உலோகம்தான். கழுத்து ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தும் ஸ்டென்ட்ரோடு என்ற மூளைக் கருவிக்கு மண்டையைத் திறக்க வேண்டாம் என்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது குழாய்ச் சுவரோடு ஒட்டி வளர்ந்துவிட்டால் வெளியே எடுப்பது லேசில்லை.

தடை செய்யுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. 2023இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் குழு, தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயால் பேச்சு குழறிப்போன ஒருவருக்கு 256 மின்முனைகளை வைத்தது. அவர் பேச முயன்றதை 97 சதவீதம் வரை சரியாகச் சொற்களாக்கி, நோய்க்கு முந்தைய அவருடைய குரலைப் போலவே ஒலிக்கச் செய்தது. வீட்டில் அப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இதன் அருமையை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய நம்பிக்கை என்பதால்தான் பாதியில் விட்டுப் போவது அவ்வளவு பெரிய கொடுமையாகிறது.

விட்டும் போயிருக்கிறார்கள். பார்வையிழந்தவர்களுக்கான, செகண்ட் சைட் நிறுவனத்தின் ஆர்கஸ் 2 விழித்திரைக் கருவிக்கு அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்தது. உலகெங்கும் 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். 2020இல் பணம் தீர்ந்து நிறுவனம் பெரும்பாலான ஊழியரை அனுப்பிவிட்டது. கருவியின் வெளிப்பாகங்களான கண்ணாடியோ இடுப்பில் மாட்டும் பெட்டியோ பழுதானால் மாற்று இல்லை என்று ஆனது. அதற்கு முன்பே நியூயார்க்கில் ஒரு பெண்மணி சுரங்க ரயில் நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே நடந்துகொண்டிருந்தபோது, பீப் பீப் என்று சத்தம் கேட்டுப் பார்வை அணைந்தது. நிறுவனம் ஆட்களை அனுப்பிய பிறகு இன்னொருவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்தது. கருவியோடு எடுக்கலாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நிறுவனத்தில் ஆள் இல்லை. மெல்போர்னில் வலிப்பை முன்கூட்டி எச்சரிக்கும் நியூரோவிஸ்டா கருவியை 15 பேருக்கு வைத்துச் சோதித்தார்கள். 2013இல் பணம் தீர்ந்தது. வீட்டை அடமானம் வைத்தாவது வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு பெண்ணும் கணவரும் மன்றாடியும் கருவியை எடுத்துவிட்டார்கள். கொத்துத் தலைவலி எனும் கடும் தலைவலிக்கான கருவியை 700 பேருக்கு மேல் வைத்த ஏ.டி.ஐ. நிறுவனம் 2019இல் மூடப்பட்டது. ஜெர்மனியில் ஒருவர் மின்பொறியாளர் என்பதால் தன்னுடையதைத் தானே பழுது பார்த்துச் சமாளித்தார். மற்றவர்கள் இனிமேல் பாலிடெக்னிக்கில் சேர வேண்டும் போலிருக்கிறது.

நம் நாட்டிலேயே பார்க்கின்சன் நோய்க்கு, மூளைக்குள் மின்முனை வைத்து மின்சாரத்தால் தூண்டும் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை பல வருடமாக நடக்கிறது. ரீசார்ஜ் ஆகாத பேட்டரி என்றால் மூன்று முதல் ஐந்து வருடம்தான். தீர்வதைக் கவனிக்காமல் விட்டால், மாத்திரைக்கும் அடங்காத விறைப்பு ஒரேயடியாகத் திரும்பும். உயிருக்கே ஆபத்தாகலாம். அடுத்த பேட்டரிக்குச் சில லட்சம் யார் தருவது என்று முதல் அறுவையின்போது எந்தத் தாளிலும் எழுதுவதில்லை.

பொதுமக்களின் பயமோ வேறு திசையில் ஓடுகிறது. மனதைப் படித்துவிடுவார்களா, ஹேக் செய்துவிடுவார்களா என்று தொலைக்காட்சியில் இரவு ஒன்பது மணிக்கு விவாதம். அந்தப் பயத்தையும் தள்ளிவிட முடியாது. சிலி நாடு 2021இல் மூளைத் தகவலைக் காக்கத் தன் அரசியலமைப்பையே திருத்தியது. நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மூளை அலையையும் மளிகைக் கடையில் கொடுத்த போன் நம்பரையும் ஒரே தராசில் வைக்கிறது. நுகர்வோர் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளமே தொடங்கியது. டிராக்டர் உண்டு, கைப்பேசி உண்டு, கார் உண்டு, வாஷிங் மெஷின் உண்டு. மண்டைக்குள் இருப்பதற்கு மட்டும் இல்லை. வாஷிங் மெஷின் நின்றால் துணியைக் கையால் துவைத்துக்கொள்ளலாம் ஐயா.

மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறோம். சோதனையில் காயம்பட்டால் இழப்பீடு என்று விதிகளில் இருக்கிறது. பாகம் கிடைக்காமல் கருவி ஊமையாகிப்போவது காயத்தில் சேருமா? சேரும் என்று எழுதுங்கள். அனுமதி கேட்கும் நிறுவனம், வைக்கவிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் வங்கி உத்தரவாதம் கட்டட்டும். நிறுவனம் மூடினாலும் விற்கப்பட்டாலும் அந்தப் பணம் நோயாளியின் பேட்டரிக்கும் பாகத்துக்கும் அகற்றும் அறுவைக்கும் மட்டும் போகட்டும். மாடலை நிறுத்தினாலும், கடைசியாக வைத்த நாளிலிருந்து குறைந்தது 15 வருடத்துக்கு வயர், காயின், சார்ஜர் போன்ற தேயும் பாகங்கள் இந்தியாவிலேயே கையிருப்பில் இருக்கட்டும். சுற்று வரைபடம், உள்ளும் வெளியும் பேசிக்கொள்ளும் நெறிமுறை, மேப்பிங் மென்பொருளின் மூலநிரல் ஆகியவற்றை முத்திரையிட்டுத் தங்களிடம் ஒப்படைக்கட்டும். நிறுவனம் கைவிட்ட அன்று திறந்துவிடுங்கள். இந்த நாட்டில் பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, வரைபடத்துக்குத்தான் பஞ்சம். நிரல் இருந்தும் அதை ஓட்டப் பழைய விண்டோஸ் வேண்டும் என்ற நிலையை இப்போதே பார்க்கிறோம். ஆகவே கணினி மாறினாலும் ஓடும்படி புதுப்பித்துத் தருவதும் நிபந்தனையில் இருக்கட்டும்.

யாருக்கு எந்த எண்ணுள்ள கருவி வைத்தோம் என்ற பதிவேடும் தேவை. ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டுக் கருவியை 2010இல் உலகெங்கும் திரும்பப் பெற்றபோது, இங்கே வைத்துக்கொண்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அது தங்கள் கோப்புகளிலேயே இருக்கும் சங்கதி.

இவ்வளவு கேட்டால் நிறுவனங்கள் இந்தியாவுக்கே வராது என்று தங்களிடம் சொல்வார்கள். முன்பணம் கட்ட முடியாத நிறுவனம் எட்டாவது வருடம் வயர் அனுப்புமா என்று அவர்களையே கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம். பின்பராமரிப்புக்குப் பணமும் பாகமும் கட்டிவைக்காதவருக்கு எம்.டி.-23 வேண்டாம், எம்.டி.-15 வேண்டாம். முதல் மூளை உள்வைப்பு விண்ணப்பம் தங்கள் மேசையில் நகரும் முன் இந்த நிபந்தனையை வரைவாக வெளியிட்டு, கருத்துச் சொல்ல எங்களைப் போன்றவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வாய்ப்புத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உள்வைப்புக் கருவிகளுக்கு மேப்பிங் போட்டும் பழுது பார்த்தும் வருபவர்கள்

பி.கு.: மாடலை நிறுத்தும் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. கையிருப்பு தீரும் தேதியையாவது பெற்றோர் படிக்கும் மொழியில் அச்சிடச் சொல்ல முடியுமா? இதற்கு விதித் திருத்தம்கூட வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.