பட்டர்வொர்த் தம்பிக்கு: முகமூடியும் அரிசி வண்டும்

அன்புத் தம்பி,

மூன்றாம் உலகப் போர் என்று வாட்ஸ்அப்பில் வந்த காணொளியைப் பார்த்துவிட்டு அணுகுண்டுக்குப் பயந்து ரஷ்ய நச்சுவாயு முகமூடி, அயோடின் மாத்திரை, நூறு கிலோ அரிசி எல்லாம் வாங்கிவிட்டாய். இன்னும் என்ன வாங்கலாம் என்று கேட்கிறாய். வாங்கியதில் எதைத் தூக்கிப் போடலாம் என்று முதலில் பார்ப்போம்.

முகமூடியைத்தான். நீ அனுப்பிய படத்தில் இருப்பது சோவியத் காலத்து ஜிபி-5 என்ற வகை. அதன் பழைய வடிகட்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அதை மாட்டி மூச்சிழுக்காதே. புது வடிகட்டி போட்டாலும் காமாக் கதிரை ரப்பர் தடுக்காது. உன் தாடிக்கு அது முகத்தோடு ஒட்டவும் செய்யாது.

மாத்திரைக்கு ஒரே வேலைதான். தைராய்டை நல்ல அயோடினால் நிரப்பி, கதிர்வீசும் அயோடின்-131 புக இடமில்லாமல் செய்வது. பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம், ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். சீசியம் போன்ற மற்ற கதிர்வீசும் பொருள்களுக்கு அது எதுவும் செய்யாது. நாற்பதைத் தாண்டிய அம்மாவுக்குப் பயன் குறைவு. தைராய்டு கோளாறு இருந்தால் கெடுதலே. புண்ணுக்குப் போடும் அயோடினைக் குடிப்பதா? வேண்டவே வேண்டாம்.

அணுகுண்டு வெடித்தபின் வந்து விழும் கதிர்த்தூசியிலிருந்து காப்பது காங்கிரீட்டும் நேரமும்தான். வெடித்து ஒரு மணி நேரத்தில் கதிர்வீச்சு 100 என்றால், 7 மணி நேரத்தில் 10, 49 மணி நேரத்தில் 1. அடுக்குமாடியின் நடு மாடியில், நடு அறையில் இரண்டு நாள் அடைந்து கிடப்பதற்குக் காசு செலவில்லை. வானில் வெளிச்சம் தெரிந்தால் சன்னலுக்கு ஓடாதே. ஒளி முதலில் வரும், கண்ணாடியை உடைக்கும் அதிர்வலை பிறகுதான் வரும். 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் நம் பினாங்கின் ஜார்ஜ்டவுனுக்கு மேல் வந்தபோது ஜனங்கள் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். குண்டு அவர்கள் மேல்தான் விழுந்தது.

உலகம் அழிவுக்கு எவ்வளவு கிட்டே என்று காட்டுவதாக நீ அனுப்பிய ஊழிக் கடிகாரம் (Doomsday Clock) எதையும் அளக்கும் கருவி அல்ல, நள்ளிரவு என்றால் அழிவு என்று வைத்துக்கொண்டு ஒரு குழு கூடிப் பேசி முள்ளை நகர்த்துகிறது. 1947-இல் நள்ளிரவுக்கு 7 நிமிடம், 1991-இல் 17 நிமிடம், 2025-இல் 89 விநாடி. அதைப் பார்த்து அரிசி வாங்காதே.

அரிசிக்கு வேறு காரணம் இருக்கிறது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. செப்டம்பரில் இங்கே மலேசியாவில் இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3,200 ஆனது. அப்போது 10 கிலோ 26 வெள்ளிக்கு விற்ற உள்ளூர் அரிசி கடைகளில் கண்ணிலேயே படவில்லை. எங்கோ ஒரு துறைமுகம் மூடினாலே நம் சட்டிக்குத் தெரிந்துவிடும். ஆனால் நூறு கிலோ நம் ஈரக் காற்றில் நிற்காது. வண்டின் முட்டை அரிசிமணிக்குள்ளேயே வருகிறது. முப்பது கிலோ போதும். சின்னப் பைகளாகக் கட்டி உறைபெட்டியில் நான்கு நாள் வை. எடுத்ததும் பிரிக்காதே, குளிர்ந்த அரிசியில் காற்றின் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு, நன்கு காய்ந்த ஒன்றரை லிட்டர் பாட்டில்களில் விளிம்புவரை நிரப்பு. ஒன்றில் ஒன்றேகால் கிலோ போகும். தேதி எழுதிப் பழையதை முதலில் சமை.

நீ மறந்தது தண்ணீர். பினாங்கு குடிப்பது பெரும்பாலும் மூடா ஆற்றுத் தண்ணீர், சுத்திகரிப்பு சுங்கை டுவாவில். 2024 ஜனவரியில் அங்கே வால்வு மாற்றியதற்கே பல ஊர்களில் குழாய் வறண்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றால் நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்கு 112 லிட்டர், குடிக்கவும் சமைக்கவும் மட்டும். அதை மூடிய பாட்டில்களில் வை. கழுவவும் கழிப்பறைக்கும் டிரம்மில் பிடி. மூடி சரியாக உட்காராத டிரம்மில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஏழு முதல் பத்து நாளில் புதுக் கொசு பறக்கும், டிங்கிக் காய்ச்சல் உன் வீட்டிலிருந்தே கிளம்பும். 100 லிட்டருக்கு 10 கிராம் அபேட் மணல் (கொசுப்புழுவைக் கொல்லும் மருந்து) போடு. முகமூடிக்குக் கொடுத்த காசில் இரண்டு நல்ல டிரம் வாங்கியிருக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்