பல்லவர்கள் யாருக்கும் முன்னோட்டம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பிதழில் தமிழகக் கோயில்கள் பற்றிய கட்டுரையை ஆவலோடுதான் பிரித்தேன். சோழர்களுக்குப் பக்கம் பக்கமாகப் படங்கள். மனம் நிறைந்தது. பல்லவர்களுக்கு ஒரே ஒரு பத்தி. அதுவும் "சோழர்களின் பொற்காலத்துக்கு முன்னோட்டமாக அமைந்தது பல்லவர் ஆட்சி" என்று தொடங்கியது. அந்த ஒரு வரி இன்னும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

6ஆம் நூற்றாண்டின் கடைசியில் பல்லவ மன்னன் சிம்மவிஷ்ணு தலையெடுத்ததிலிருந்து 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் பல்லவப் பேரரசின் கடைசி மன்னன் அபராஜிதன் விழுந்தது வரை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள். ராஜராஜன் பட்டமேறிய 985இலிருந்து சோழர் ஆட்சி முடிந்த 1279 வரை கணக்கிட்டாலும் அதே முந்நூறுதான் வருகிறது. அதற்கும் முன்னால், வடநாட்டு குப்தப் பேரரசன் சமுத்திரகுப்தனின் அலகாபாத் தூண் கல்வெட்டிலேயே காஞ்சிப் பல்லவ மன்னன் விஷ்ணுகோபன் பெயர் இருக்கிறது. தாங்கள் அறியாததல்ல. இத்தனை நீண்ட ஆட்சியை இன்னொருவர் கதைக்கு முன்னுரையாக்க எப்படி மனம் வந்தது?

நான் விழுப்புரம் – செஞ்சி தடத்தில் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். மண்டகப்பட்டு என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ வெளிநாட்டுக்காரர்கள் என்னிடம் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். அதே வண்டியில் வந்த நம்மூர் ஆட்கள் "அங்க என்ன சார் இருக்கு?" என்று என்னையே கேட்பார்கள். என்ன இருக்கிறது? செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் என்று, அந்தப் பட்டப்பெயர் கொண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பாறையில் வெட்டி வைத்த வாசகம் இருக்கிறது. மண்ணும் மரமும் கொண்டு கோயில் கட்டிவந்த நாட்டில், பாறையைக் குடைந்து இதோ ஒரு கோயில் என்று ஓர் அரசன் பெருமையோடு சொன்ன இடம் அது. வாயிலின் இருபுறமும் நிற்கும் காவலர் சிலைகளைப் பார்த்தவர் முன்னோட்டம் என்ற சொல்லை எழுதமாட்டார். கட்டுரையாளர் அங்கே வரவில்லை என்றே நினைக்கிறேன்.

பக்கத்திலேயே தளவானூர். அங்கேயும் மகேந்திரன் குடைந்த சத்ருமல்லேசுவரம் என்ற குகைக் கோயில். பனமலையில் ஏரிக்கரையை ஒட்டிய குன்றின்மேல் பின்வந்த பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். அங்கே சுவரில் மங்கலாக மிஞ்சியிருக்கும் பார்வதியின் ஓவியத்தை ஒருமுறை கண்ட எவருக்கும் அது மறக்காது. சில ஆண்டுகளுக்கு முன் இதே பனமலைக் கோயிலின் படத்தைத் தங்கள் இதழ் 'சோழர் கலை' என்று போட்டது. அப்போதும் கடிதம் எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. இன்றும் மனம் ஆறவில்லை.

காஞ்சிக்கு வருவோம். அதே ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலை ராஜராஜனின் கல்வெட்டே 'கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி', அதாவது காஞ்சியின் பெரிய கற்கோயில், என்று மரியாதையோடு குறிப்பிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவனுக்கே அது பெரியதாகத் தெரிந்திருக்கிறது. இரண்டாம் விக்கிரமாதித்தன் என்ற சாளுக்கியன் பகைவனாகக் காஞ்சிக்குள் நுழைந்தவன். அவனும் அந்தக் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பித் தந்ததாக அங்கேயே கன்னடத்தில் கல்வெட்டு வைத்தான். எதிரி தந்த மதிப்பைக்கூட நம் இணைப்பிதழ் தரவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

கட்டுரையின் கடைசியில் "பல்லவர் வலுவிழந்ததும் சோழர்கள் எழுந்தனர்" என்று முடித்துவிட்டார்கள். வலு தானாகவா போனது? வடக்கே சாளுக்கியர், அவர்களுக்குப் பின் ராஷ்டிரகூடர், தெற்கே பாண்டியர் என்று தலைமுறை தலைமுறையாக இரு பக்கமும் போர். 642இல் பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் சாளுக்கியத் தலைநகரான வாதாபியைப் பிடித்தபோது படை நடத்திய பரஞ்சோதிதான் பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார். அரச வாரிசு இல்லாமல் நாடு தடுமாறியபோது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையான நந்திவர்மனை அழைத்து வந்து முடிசூட்டிய கதையைக் காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சிற்ப வரிசையாகவே பார்க்கலாம். அந்தப் பிள்ளை அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான். மூன்றாம் நந்திவர்மன் தெள்ளாற்றில் பாண்டியனை வென்றான். அவன்மேல் நந்திக் கலம்பகம் என்ற நூலே பாடினார்கள். திருப்புறம்பியத்தில் பாண்டியனை எதிர்த்து நடந்த போரில் அபராஜிதன் பக்கம் நின்று போரிட்டவன்தான் ஆதித்த சோழன். அப்புறம் சில ஆண்டுகளிலேயே அதே ஆதித்தன் அபராஜிதனை வீழ்த்தித் தொண்டை மண்டலத்தை எடுத்துக்கொண்டான். இவ்வளவு பெரிய நாடகத்தை ஒரு வரியில் அடக்கிவிட்டீர்கள்.

என் பேத்தியின் பள்ளியில் சுற்றுலா கூட்டிப்போனார்கள். பகல் முழுக்கப் பொழுதுபோக்குப் பூங்கா. மாலையில் மாமல்லபுரத்தில் வண்டியை நிறுத்தி, வெண்ணெய்ப் பந்துப் பாறைக்கு முன்னால் ஒரு படம் எடுத்துத் திரும்பிவிட்டார்கள். ஒற்றைக் கல்லில் செதுக்கிய ரதங்கள் பக்கமே போகவில்லை. "அந்தப் பாறையைச் செதுக்கியது யாரு தாத்தா?" என்று குழந்தை கேட்கிறது. யாரும் செதுக்காத அந்த உருண்டைப் பாறை மட்டும் அதன் நினைவில் நிற்கிறது. பள்ளியில் சொல்லவில்லை, சரி. பத்திரிகையாவது சொல்ல வேண்டாமா?

தங்களிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. அந்த 'முன்னோட்டம்' வாக்கியத்துக்கு அடுத்த இணைப்பிதழிலேயே ஒரு திருத்தம் போடுங்கள், கட்டுரை வந்த அதே எழுத்தளவில். பனமலைப் படத்துக்கான பழைய திருத்தத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் இருந்தால் மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை மூன்றுக்கும் விழுப்புரத்திலிருந்து எப்படிப் போவது என்று நாலு வரி. வழி விவரம் வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
விழுப்புரம் மாவட்டம்