சிங்க் அடியில் வாளி வைத்திருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

போன தடவை வீடியோவில் பேசும்போது உனக்குப் பின்னால் சிங்க்குக்குக் கீழே கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு வாளி. நான் பார்த்ததை நீயும் பார்த்தாய், உடனே போனை வேறு பக்கம் திருப்பிவிட்டாய். கேட்டால் "ஒண்ணுமில்லப்பா, பாத்துக்கலாம்" என்பாய். அதனால் கேட்கவில்லை, எழுதுகிறேன். வாளி வைப்பது தப்பில்லை. ஆனால் வாளியோடு பழகிவிடக் கூடாது. அடியில் இருக்கும் பலகை ஊறி உப்பிப்போன பிறகுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது.

முதலில் ஒன்று செய். மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பார். வீட்டுக்குள் தண்ணீர் வரும் குழாயில், மீட்டருக்குப் பக்கத்திலோ, குளியலறைக் கதவுக்கு மேலேயோ, மொட்டை மாடி டேங்க் அடியிலோ இருக்கும். கைப்பிடி நீளமாக இருந்தால் பால் வால்வு; குழாய்க்குக் குறுக்கே கால் சுற்றுத் திருப்பினால் தண்ணீர் நின்றுவிடும். வட்டமாகச் சக்கரம் போல இருந்தால் கேட் வால்வு. வலப்பக்கமாகப் பல சுற்றுத் திருப்ப வேண்டும். கேட் வால்வை வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் இறுகிவிடும், அவசரத்தில் திருப்பினால் உள்ளே தண்டு முறிந்துவிடும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடித் திற. முழுக்கத் திறந்த பிறகு கால் சுற்று பின்னுக்குத் திருப்பி விடு, அப்போதுதான் இறுகாது. வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் காட்டிவிடு.

இனி அந்த வாளிக்கு வருகிறேன். தண்ணீர் எப்போது விழுகிறது என்பதுதான் முதல் கேள்வி. சிங்க்கை யாரும் தொடாத இரவிலும் வாளியில் தண்ணீர் சேர்ந்தால் ஒழுகுவது வருகிற குழாய். அதில் எப்போதும் அழுத்தம் இருக்கும், ஒருநாள் பீய்ச்சி அடிக்கவும் செய்யும். பாத்திரம் கழுவும்போது மட்டும் சொட்டினால் போகிற குழாய். இது நாற்றமும் அழுக்கும்தான், ஆனால் வெள்ளம் வராது. இரவு படுக்கும் முன் வாளியைத் துடைத்துக் காய வைத்துவிட்டுக் காலையில் பார். இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

வருகிற குழாய் என்றால், சுவரில் இருந்து வரும் ஆங்கிள் காக்கை, அதாவது சிங்க்குக்கு வரும் தண்ணீரை மட்டும் நிறுத்தும் சிறு வால்வை, மூடு. எல்லாவற்றையும் துணியால் துடை. பிறகு மறுபடி திறந்துவிட்டு, டிஷ்யூ பேப்பரைச் சிறு துண்டாகக் கிழித்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார். தண்ணீர் எங்கே சொட்டுகிறதோ அங்கேயே கசியும் என்று நினைக்காதே. மேலே கசிந்து குழாய் வழியே வழிந்து கீழே வந்துதான் சொட்டும். காகிதம் முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் இடம். ஆங்கிள் காக்கை மூடியதும் நின்றுவிட்டால் தவறு, அதிலிருந்து சிங்க் டேப்புக்குப் போகும் கனெக்ஷன் பைப்பிலோ டேப்பிலோ இருக்கிறது. மூடியும் நிற்காவிட்டால் காக்கிலேயே, அல்லது அது சுவரில் ஏறும் இடத்தில். சுவருக்குள் என்றால் நீ கை வைக்காதே, மெயின் வால்வை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடு.

கனெக்ஷன் பைப் வெளியே பார்க்க ஸ்டீல் பின்னலாக இருந்தாலும் உள்ளே இருப்பது ரப்பர்தான். வருடம் ஆக ஆக அது கெட்டியாகி வெடிக்கும். பின்னலில் துரு, ஒரு இடத்தில் மட்டும் வீக்கம், நட்டுக்குப் பக்கத்தில் கம்பி அறுந்து நிற்பது, இதில் ஏதாவது தெரிந்தால் யோசிக்காமல் மாற்று. வெந்நீர், தண்ணீர் இரண்டு பைப்பையும் சேர்த்தே மாற்று. 18 அங்குலம், 24 அங்குலம் என்று கிடைக்கும். பழையதை அளந்துகொண்டு போ. இழுத்து மாட்டுகிற அளவுக்குக் குட்டையும் வேண்டாம், மடிந்து நிற்கிற அளவுக்கு நீளமும் வேண்டாம். முனையில் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார். அடைப்பது அந்த வாஷர்தான், இந்த மூட்டுக்கு, மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் டேப் தேவையில்லை. கையால் முடிந்தவரை இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று, அதோடு போதும். இறுக்கும்போது இன்னொரு ஸ்பேனரால் ஆங்கிள் காக்கைப் பிடித்துக்கொள், இல்லையென்றால் அது சுவருக்குள்ளே சுழன்று அங்கே கசிய ஆரம்பிக்கும். பத்து வயதில் டெஃப்ளான் டேப்பை மரை திரும்புகிற திசையில் சுற்றத் தெரிந்தவள் நீ, உனக்கு இதெல்லாம் நான் சொல்ல வேண்டியதே இல்லை. அவ்வளவு தெரிந்தவள் ஏன் வாளி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாய் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

போகிற குழாய் என்றால் இன்னொரு சோதனை. சிங்க்கை அடைத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பு. நிற்கும்போதே கீழே ஈரம் வந்தால் வேஸ்ட் கப்ளிங், அதாவது சிங்க்கின் ஓட்டையில் பொருத்தியிருக்கும் பகுதி. அடைப்பைத் திறந்து ஒரேயடியாக விட்ட பிறகு ஈரம் வந்தால் அதற்குக் கீழே பாட்டில் போல நிற்கும் பாட்டில் டிராப் அல்லது சுவருக்குப் போகும் குழாய். டார்ச் அடித்துப் பார். பாட்டில் டிராப்பின் அடிக் கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கழற்று. கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கும் சோறு பருப்பும் இருக்கும், பழைய பல் பிரஷ் போதும். மூட்டும்போது ரப்பர் வளையம் மடியாமல் தன் பள்ளத்தில் உட்கார வேண்டும், மரை கோணலாக ஏறக் கூடாது. கோணலாக ஏறிவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். ஒருபக்கம் கூம்பலாக இருக்கும் வாஷர் என்றால் மெல்லிய பக்கம் மரை உள்ள பகுதியைப் பார்த்து இருக்கட்டும். பிளாஸ்டிக் நட்டில் ஸ்பேனர் போடவே போடாதே, கீறல் விட்டுவிடும்.

அந்த டிராப்பில் எப்போதும் 5 சென்டிமீட்டர் அளவு தண்ணீர் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். சிலர் செலவைக் குறைக்க வளையும் நெளிவுக் குழாயை நேராக இழுத்துச் சுவரில் செருகிவிடுகிறார்கள். வளைவு இல்லாவிட்டால் தண்ணீர் நிற்காது, நாற்றம் நிற்கவே நிற்காது. அந்த நெளிவுகளில் பிசுக்கும் படியும். வழவழப்பான குழாயாக மாற்றச் சொல். இன்னொரு குளியலறையை நீங்கள் புழங்குவதில்லை என்று அம்மா சொன்னாள். தரையில் உள்ள டிராப் காய்ந்துவிட்டால் அங்கிருந்தும் நாற்றம் வரும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு மக்கு தண்ணீர் ஊற்று, அது போதும்.

அடைப்பு எடுப்பதில் எல்லோரும் முதலில் ஓடுவது மருந்து வாங்கத்தான். வேண்டாம். பெரும்பாலான மருந்துகளில் இருப்பது காஸ்டிக் சோடா. தண்ணீரில் அது கொதிக்கிற சூட்டைக் கிளப்பும், பிவிசி குழாய் இளகும், அடைப்பு எடுக்காவிட்டால் சிங்க் நிறைய காஸ்டிக் கலந்த தண்ணீர் நிற்கும். பிறகு பிளஞ்சரை, அதாவது கட்டையில் மாட்டிய ரப்பர் கிண்ணத்தை, அழுத்தினால் முகத்தில் தெறிக்கும். ஆசிட்டையும் பிளீச்சையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது ஆளைச் சாய்க்கும். ஏற்கனவே ஏதாவது ஊற்றியிருந்தால் வருகிற பிளம்பரிடம் மறைக்காமல் சொல், அவர் கண்ணுக்கும் கைக்கும் அது முக்கியம். கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம், கை பொறுக்கிற வெந்நீர் போதும். பிளஞ்சர் போடும்போது வாய் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கட்டும். வாஷ்பேசினில் மேலே இருக்கும் வழிந்தோடும் ஓட்டையை ஈரத்துணியால் அடைத்துக்கொள், இல்லையென்றால் காற்று அந்த வழியே போய்விடும். பதினைந்து இருபது தடவை விடாமல் அழுத்தி, கடைசியில் வெடுக்கென்று இழு. முடி அடைத்திருந்தால் பிளஞ்சரைவிட முள் வைத்த பிளாஸ்டிக் பட்டை நன்றாக எடுக்கும். அதற்கும் உள்ளே என்றால் கையால் சுழற்றும் ஸ்பிரிங் கம்பி.

ஒரு அடையாளத்தை மட்டும் மறக்காதே. ஒரு சிங்க் மட்டும் மெதுவாகப் போனால் அடைப்பு அந்த சிங்க்கில். ஃப்ளஷ் செய்யும்போது குளியலறைத் தரையில் குமிழி கிளம்பினாலோ, துணி துவைக்கும் மெஷின் தண்ணீர் விடும்போது டாய்லெட்டில் நீர் ஏறினாலோ, அடைப்பு எல்லாம் சேருகிற பெரிய குழாயில். அப்போது வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கீழே விடக் கூடாது. விட்டது எல்லாம் எது தாழ்வாக இருக்கிறதோ அந்த ஓட்டை வழியே வீட்டுக்குள் திரும்பும். அத்தை வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை. இது கண்டிப்பாக ஆள் வந்து செய்யும் வேலை. மோட்டார் வைத்த ஸ்பிரிங் கம்பியோ, அழுத்தமான நீர் பீய்ச்சுகிற இயந்திரமோ கொண்டுவருவார்கள். ஸ்பிரிங் அடைப்பில் துளை போடும். நீர் குழாயின் சுவரைச் சுற்றிலும் கழுவும். பிசுக்கு அடைப்புக்கு நீர்தான் சரி. வேர் புகுந்திருந்தால் வெட்டுகிற கத்தி வைத்த முனை வேண்டும், மூட்டைச் சரிசெய்யாவிட்டால் வேர் மறுபடி வரும். ஈரத் துடைப்புத் தாள் எதையும் டாய்லெட்டில் போடாதே, உறையில் என்ன அச்சடித்திருந்தாலும்.

ஆளைக் கூப்பிடும்போது ஏமாறாமல் இருக்க வேண்டும். போனிலேயே படம் அனுப்பி, எப்போது ஒழுகுகிறது என்று சொல். வந்து பார்ப்பதற்குத் தனிக் கட்டணமா, வேலை செய்தால் அதில் கழியுமா, பொருள் விலை சேர்த்தா சேர்க்காமலா, இதை எழுத்தில் வாங்கு. "குழாய் முழுக்கப் போச்சு, தோண்டி மாத்தணும்" என்று வந்தவுடன் சொன்னால் கேமரா விட்டுப் பார்த்த வீடியோவைக் கேள். காட்டாதவரிடம் வேலை கொடுக்காதே. கழற்றிய பழைய பாகத்தை உன்னிடம் தரச் சொல். சுவரை உடைத்து மூட்டுப் போட்டால், பூசி மூடும் முன் குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு வைத்து ஒரு நாள் பார்க்க வேண்டும். பசை காயாமல் தண்ணீர் திறக்கவும் கூடாது. அவர் கிளம்பும் முன் சிங்க்கை நிரப்பி ஒரேயடியாக விடு, டிஷ்யூ பேப்பரால் எல்லா மூட்டையும் நீயே தொட்டுப் பார். காகிதம் காய்ந்திருந்தால் பணம் கொடு. நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார், கூடவே குனிந்து பார்ப்பார்.

வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் கேட்கத் தயங்குகிறாய் என்று நினைக்கிறேன். சுவருக்குள் போகும் குழாயும் பெரிய குழாயும் பெரும்பாலும் அவர் பொறுப்புதான், ஒப்பந்தத்தை எடுத்துப் படி. படத்தோடு, தேதி போட்டு, எழுத்தில் தெரியப்படுத்து. வாயால் சொன்னதற்கு நாளை சாட்சி கிடையாது. நீ சொல்லாமல் விட்டு கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கினால் பழி உன்மேல்தான் வரும்.

ஆள் வரும் நேரத்தில் வீட்டில் இன்னொருவர் இருப்பது நல்லது. ஒருவர் மெயின் வால்வில், ஒருவர் சிங்க் அடியில். மாப்பிள்ளை இருக்கும் நாளாகப் பார்த்துச் சொல். அவர் இப்போதெல்லாம் தாமதமாக வருகிறாரா, வெளியூர் போயிருக்கிறாரா, நான் கேட்கவில்லை. அவர் இல்லாவிட்டால் "இல்லை" என்று ஒரு வார்த்தை எழுது, நான் கிளம்பி வருகிறேன். ஸ்பேனர் இரண்டும் என்னிடமே இருக்கின்றன. ஒழுகுவது எங்கே என்று சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எந்த வீட்டிலும் மூட்டு தளரும், ரப்பர் தேயும். உன் அம்மா இரவில் எழுந்து போனைப் பார்க்கிறாள்.

மெயின் வால்வைக் கண்டுபிடித்தாயா? கண்டுபிடித்ததும் ஒருமுறை மூடி, டேப்பில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, திறந்து எனக்கு எழுது. வாளி நாளைக் காலை காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா, அதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அப்பா